இன்னும் நாலு சிட்டிங்தான் பாக்கி, நிறுத்திவிடலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 54. வலது மார்பகத்தில் இருந்த புற்றுநோய்க் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மார்பகத்தை விட்டுவைத்து ஆபரேஷன் செய்தார்கள். கீமோ முடிந்து இப்போது ரேடியேஷன் போய்க்கொண்டிருக்கிறது. மொத்தம் 15 சிட்டிங்; 11 முடிந்துவிட்டது. முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அந்தப் பக்கம் முழுவதும் கறுத்துப்போய், அரிப்பும் எரிச்சலுமாக இருக்கிறது. நேற்று மார்புக்குக் கீழே மடிப்பில் தோல் உரிந்து, துணி ஒட்டிக்கொள்கிற மாதிரி கசிகிறது. "அந்த இடத்தில் தண்ணீரே படக் கூடாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் பத்து நாளாகக் கழுவவில்லை. இன்னொருவர் சொல்லிக் கற்றாழை ஜெல் தடவினேன். கசிவுக்குப் பவுடர் போட்டேன். மெஷினில் படுக்க வைப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மடிப்பைத் தூக்கிக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. புண்ணான இடத்திலேயே மேலும் மேலும் கதிர் வைத்தால் என்ன ஆகும்? நிறுத்திவிடலாமா? இன்னொன்று: மூன்று வயதுப் பேரன் என்னோடுதான் தூங்குவான். இப்போது தள்ளியே வைத்திருக்கிறேன். அவனுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்:

சகோதரி, நிறுத்த வேண்டாம். ஆனால் அடுத்த சிட்டிங்குக்குப் போய் மெஷினில் படுப்பதற்கு முன்னால், அந்த மடிப்பை ஒரு டாக்டரோ நர்ஸோ பார்த்தாக வேண்டும். கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதினாலும், கண்ணால் பார்ப்பவர் சொல்வதற்கு ஈடாகாது. இந்த இரண்டையும் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படியுங்கள்.

"முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கிட்டத்தட்ட எல்லோருமே இதைச் சொல்வார்கள். இது ஏன் என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

நம் தோலின் மேல் அடுக்கு தினமும் கண்ணுக்குத் தெரியாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் அடித்தளத்தில் இருக்கும் செல்கள் பிரிந்து, புதிய செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கீழே பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். கதிர்வீச்சு பிரியும் செல்களைத்தான் அதிகம் தாக்கும். புற்றுநோய்ச் செல் பிரிகிறது. தோலின் அடித்தளச் செல்லும் பிரிகிறது. இரண்டுக்கும் அடி விழுகிறது. மேலே இருக்கும் தோல் ஏற்கெனவே தயாரான சரக்கு; அதற்கு ஒன்றும் ஆவதில்லை. அது உதிரும்போது கீழிருந்து மாற்று வர வேண்டும், அந்த வரத்து குறைந்திருக்கும். அப்போதுதான் தோல் மெலிந்து, வறண்டு, உரிந்து, கடைசியில் கசிகிறது. இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

அதாவது, இன்று கண்ணாடியில் நீங்கள் பார்ப்பது முதல் சில சிட்டிங்குகளின் விளைவு. இந்த வாரம் வாங்கிய கதிரின் விளைவு இன்னும் மேலே வந்து சேரவில்லை. அதனால் இப்போதே ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: கடைசி சிட்டிங் முடிந்த பிறகு ஏழு முதல் பதினான்கு நாள் வரை தோல் இன்னும் கொஞ்சம் மோசமாகத்தான் ஆகும். அதற்குப் பிறகுதான் திரும்பும். இதைச் சொல்லாமல் அனுப்பிவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? "முடிந்தே ஒரு வாரம் ஆச்சு, குறையாமல் ஏறுதே டாக்டர்" என்று பதறிப்போய் போன் வரும். நான் பார்த்த பெண்களில் ரொம்பவே பயந்தவர்கள் சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் அல்ல, முடித்துவிட்டு வீட்டுக்குப் போனவர்கள்தான்.

நிறுத்தும் யோசனைக்கும் இதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதி நான்கை விட்டால் நாளையே எரிச்சல் அடங்கும் என்று நினைக்காதீர்கள். அடுத்த பத்து நாளில் தோலில் நடக்கப்போவதில் பெரும்பகுதி ஏற்கெனவே முடிவாகிவிட்டது. விட்டால் தோலுக்குக் கிடைக்கும் லாபம் கொஞ்சம். கட்டி இருந்த இடத்துக்கு ஆகும் நஷ்டம் பெரிது. உங்களைப் போல மார்பகத்தை விட்டுவைத்து ஆபரேஷன் செய்துகொண்ட 10,801 பெண்களின் விவரங்களை, 17 ஆய்வுகளிலிருந்து ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2011இல் அது வெளியானது. ரேடியேஷன் எடுக்காதவர்களில் பத்து ஆண்டுக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம் பேருக்கு; எடுத்தவர்களில் 19 சதவீதம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பாடு. முழு அளவையும், போட்ட கால அட்டவணைப்படி வாங்கினால்தான் இந்தப் பலன். நாள் இழுத்துக்கொண்டே போனால், தப்பிப் பிழைத்த புற்றுநோய்ச் செல்கள் அந்த இடைவெளியில் மறுபடி பெருகப் பார்க்கும்.

சில சமயம் தோல் ரொம்பவும் புண்ணாகிவிட்டால் டாக்டரே ஓரிரு நாள் ஓய்வு கொடுப்பதுண்டு. அது கணக்குப் போட்டுக் கொடுக்கும் ஓய்வு. நீங்களாகப் போகாமல் இருந்துவிடுவது வேறு. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த 15க்கு அப்புறம் 'பூஸ்ட்' உண்டா என்று. கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் சில சிட்டிங் கூடுதலாகக் கொடுப்பார்கள், அதுதான் பூஸ்ட். இருந்தாலும் கலங்க வேண்டாம். அந்தச் சின்ன இடத்தைத் தவிர மற்றத் தோல், மடிப்பு உட்பட, அப்போதே ஓய்வெடுக்கத் தொடங்கிவிடும்.

பேச்சு வழக்கில் இதைக் 'கரண்ட் வைக்கிறது' என்கிறார்கள். அதனாலோ என்னவோ, "உள்ளே வெந்துபோச்சு" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இதில் கரண்டும் இல்லை, சூடும் இல்லை. சிட்டிங்கின்போது தோலின் வெப்பம் உணரும்படி ஏறுவதே இல்லை. தீக்காயத்துக்குச் செய்வதையெல்லாம் இதற்குச் செய்யத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன். முக்கியமாக, ஐஸ் கட்டியை நேரடியாக வைக்காதீர்கள். ஏற்கெனவே நலிந்த தோல். குளிரும் அதற்குக் காயம்தான்.

சரி, மார்பு முழுவதும் ஒரே மாதிரி கதிர் படும்போது மடிப்பு மட்டும் ஏன் முதலில் புண்ணானது?

இன்றைய மெஷின்களிலிருந்து வரும் கதிருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதன் முழு வீரியம் தோலின் மேலேயே இறங்காது. வழக்கமாகப் பயன்படும் 6 மெகாவோல்ட் கதிர் தோலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே போன பிறகுதான் உச்சத்தை எட்டும். மேல் தோல் ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. மடிப்பில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே மார்பகத்தின் அடிப்பக்கத் தோலும் நெஞ்சுத் தோலும் ஒட்டிக்கிடக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று போர்த்திக்கொண்டிருப்பதால், கதிருக்கு அது தோலாகவே தெரியாது. உள் சதையாகத்தான் தெரியும். முழு அளவு இறங்கிவிடும். போதாததற்கு வியர்வை, உரசல், காற்றே படாமை. அக்குளிலும் இதே கதைதான். கனத்த மார்பகம் உள்ளவர்களுக்கும், உடல் எடை கூடியவர்களுக்கும் மடிப்பு ஆழம் என்பதால் தொந்தரவும் அதிகம். புகைப்பவர்களுக்கும் தோல் ஆறுவது தாமதமாகும்.

இந்தப் 'போர்வை' விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கிரீமுக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

இப்போது தண்ணீர். பத்து நாள் கழுவாமல் இருந்தீர்கள் என்று படித்தபோது எனக்குக் குற்ற உணர்ச்சிதான் வந்தது. ஏனென்றால் அந்தப் புத்திமதியைப் பக்கத்து வீட்டார் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர்களாகிய நாங்களே ஒரு காலத்தில் சொன்னதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்தபடி, "முடியும் வரை அந்த இடத்தில் சோப்பும் தண்ணீரும் படக் கூடாது" என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாவம், வேர்வையும் நாற்றமுமாக அவதிப்பட்டுக்கொண்டே சொன்னதைக் கேட்டார்கள். 2001இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், மார்பகத்துக்கு ரேடியேஷன் எடுத்த 99 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவைச் சோப்பு போட்டுக் கழுவச் சொன்னார்கள், இன்னொரு குழுவைக் கழுவாமல் இருக்கச் சொன்னார்கள். கழுவாதவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் உரிந்து கசிந்தது. கழுவியவர்களில் அது 14 சதவீதம் பேருக்குத்தான். அதாவது நாங்கள் தடை போட்டது, உதவுகிற விஷயத்தை.

அதனால் இன்றே கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை இல்லாத மென்மையான சோப்பு, உள்ளங்கை. நார், ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம். ஷவர் தண்ணீர் நேராக அங்கே அடிக்காமல் தோளிலிருந்து வழியவிடுங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்புக்குள் ஈரம் தங்கவே கூடாது. ஹேர் டிரையர் பிடிப்பவர்கள் உண்டு. சூடில்லாத காற்றாக, எட்ட வைத்துப் பிடித்தால் பரவாயில்லை. மார்க்கரில் போட்ட கோடுகள் இருந்தால் அவற்றின் மேல் சோப்பை அழுத்தாதீர்கள். அழிந்தாலும் நீங்களாக வரையாதீர்கள், போய்ச் சொல்லுங்கள், அவர்கள் சரிசெய்வார்கள்.

கசியும் இடத்துக்கு மட்டும் தனிக் கவனிப்பு. அங்கே பவுடரை உடனே நிறுத்துங்கள். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி, மணல் மாதிரி உரசும். அதைத் துடைத்தெடுக்கும்போது புதுத் தோலும் சேர்ந்து வரும். கற்றாழை ஜெல்லையும் வையுங்கள் ஓரமாக. அதைத் திட்டவில்லை, முறையாகச் சோதித்துப் பார்த்ததில் சாதாரண கிரீமைவிட மேலாக எதுவும் செய்யவில்லை, அவ்வளவுதான். கடையில் வாங்கும் ஜெல்லில் வாசனையும் ஆல்கஹாலும் இருந்தால் திறந்த தோலில் காந்தும். வேறு எந்த வீட்டுப் பூச்சும் கசிகிற இடத்தில் வேண்டாம்.

அப்படியென்றால் என்னதான் போடுவது? மருத்துவமனையில் சலைன் கொண்டு சுத்தம் செய்து, ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் வைப்பார்கள். சிலிக்கான் பூச்சுள்ள மெல்லிய பஞ்சு வகை அது. எடுக்கும்போது தோலைப் பிய்க்காது. சாதாரண பஞ்சையும் பிளாஸ்திரியையும் வீட்டில் ஒட்டிக்கொள்ளாதீர்கள். பிளாஸ்திரியை உரிக்கும்போது அதோடு தோலும் வரும். டிரெஸ்ஸிங்கோடு மெஷினில் படுக்கலாமா, எடுத்துவிட்டுப் படுக்க வேண்டுமா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது டிரெஸ்ஸிங்கின் கனத்தைப் பொறுத்தது. இன்று இரவுக்கு உடனடி உபாயம் ஒன்று உண்டு. துவைத்த மெல்லிய பருத்தித் துணியை மடித்து, மார்பகத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவில் மெதுவாக வைத்துக்கொண்டு படுங்கள். இரண்டு தோலும் ஒன்றையொன்று தொடாமல் இருந்தாலே எரிச்சலில் பாதி குறையும். துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல், தண்ணீரில் நனைத்து எடுங்கள். பகலில் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போது கொஞ்ச நேரம் மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, மடிப்புக்குக் காற்றுக் காட்டுங்கள்.

உரியாத, கறுத்து அரிக்கும் இடங்களுக்குத்தான் கிரீம். வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சுரைசர் போதும், விலை உயர்ந்தது தேவையே இல்லை. தினமும் இரண்டு மூன்று முறை மெல்லிசாகத் தடவுங்கள். சிட்டிங்குக்கு முன்னால் தடவலாமா என்பது எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம். பல மணி நேரம் முன்பே நிறுத்திவிடச் சொல்வது பழைய பழக்கம். பிறகு அளந்து பார்த்ததில், மெல்லிசாகத் தடவிய கிரீம் தோலில் விழும் கதிரின் அளவைக் கூட்டவில்லை. அப்பியது போலத் தடித்து, மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தால்தான் கூட்டியது. முன்பு சொன்ன போர்வை வேலைதான். அதனால் காலையில் லேசாகத் தடவிக்கொண்டதற்காகப் பதற வேண்டாம், ஆனால் அப்பிக்கொண்டு போய்ப் படுக்காதீர்கள். உங்கள் மருத்துவமனையில் வேறு விதி சொன்னால் அதையே கேளுங்கள். இதற்காக அங்கே போய் வாதாட வேண்டியதில்லை.

அரிப்புக்கு ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன் இரண்டையும் இந்தப் பிரச்சினைக்காகவே சோதித்திருக்கிறார்கள். அரிப்பு, எரிச்சல், தோல் கெடும் வேகம் எல்லாமே குறைகின்றன. முதல் சிட்டிங்கிலிருந்தே தொடங்குவது உத்தமம். இப்போது தொடங்கினாலும் அரிப்புக்கு உதவும். டாக்டர் எழுதிக்கொடுத்து வாங்குங்கள், மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். காரணம் இருக்கிறது. மடிப்புக்குள் கசிவும் அரிப்பும் இருக்கும்போது சில சமயம் பூஞ்சைத் தொற்றும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவுவது, வெள்ளையாகப் படிவது இதெல்லாம் அதன் அடையாளம். அதற்குப் பூஞ்சைக்கான களிம்பு வேண்டும். தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் தடவினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். திறந்து கசியும் இடத்திலும் ஸ்டீராய்டு போடக் கூடாது. பத்து நாள் கழுவாத மடிப்பு என்பதால் உங்கள் விஷயத்தில் எனக்குப் பூஞ்சை மேல் ஒரு கண் இருக்கிறது. நேரில் காட்டுங்கள் என்று முதல் வரியிலேயே நான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்றதெல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பி வைத்த பிரா வேண்டாம். தளர்ந்த பருத்தி உள்ளாடை போதும், முடிந்தபோது அதுவும் இல்லாமல் இருக்கலாம். அக்குளில் சவரம் வேண்டாம், மெழுகு வேண்டாம். டியோடரண்ட் தோல் உரியாத வரை போடலாம், உரிந்த பிறகு கூடாது. குளோரின் கலந்த நீச்சல் குளத்துக்கு இப்போதைக்கு விடுமுறை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. போடுவதற்கு முன் தெர்மாமீட்டரில் ஜுரம் பார்த்துவிட்டுப் போடுங்கள். மாத்திரை ஜுரத்தை மறைத்துவிடும், நமக்கு அது தெரிய வேண்டும்.

ஜுரம் என்றதும் எச்சரிக்கை ஒன்று. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தாண்டினாலோ, கசிவு தண்ணீராக இல்லாமல் மஞ்சளாக, பச்சையாக, நாற்றத்தோடு வந்தாலோ, வீக்கமும் சூடும் மணிக்கு மணி பரவினாலோ, லேசாகப் பட்டாலே ரத்தம் கசிந்தாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள். அன்றே போங்கள், விடுமுறை நாளானாலும் சரி.

"கறுத்துவிட்டது" என்று எழுதியிருந்தீர்கள். இது மாநிறமாகவும் கறுப்பாகவும் உள்ள எல்லோருக்கும் பொருந்தும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தத் தோல் பாதிப்பை நாங்கள் தரம் பிரிக்கும்போது முதல் அடையாளமாகப் பார்ப்பது 'சிவத்தல்'. பாடப் புத்தகப் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. கருமையான தோலில் சிவப்பு தெரியாது. அடர் பழுப்பாகவும் கருநீலமாகவும்தான் மாறும். அவசரத்தில் பார்க்கிறவர் "ஒண்ணும் சிவக்கலையே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. அது அக்கறை இல்லாமை என்று நான் சொல்ல மாட்டேன், கண் பழகாமை. அதனால் நிறத்தை மட்டும் சொல்லாமல், "மறு பக்கத்தைவிடச் சூடாக இருக்கிறது, இறுக்கமாக இருக்கிறது, பளபளப்பாகிவிட்டது, துணி பட்டால் எரிகிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று உணர்வதைச் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை, அதே வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் சேர்த்துப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நீங்கள் வாயால் விளக்கத் திணறுவதை அந்தப் படங்கள் காட்டிவிடும்.

கூச்சம் பற்றி. அது தப்பில்லை. "எனக்கு ஒரு பெண் நர்ஸோ பெண் டாக்டரோ பார்க்க வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேட்கலாம். வாய் வரவில்லையென்றால் ஒரு சீட்டில், "மார்புக்குக் கீழே தோல் உரிந்து கசிகிறது, பார்க்க வேண்டும்" என்று எழுதி ரிசப்ஷனில் கொடுங்கள். உங்களை மெஷினில் படுக்க வைக்கிறவர்கள் கோடும் அளவும் சரியாக இருக்கிறதா என்பதில் கண்ணாக இருப்பார்கள். மடிப்புக்குள் என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்ப்பது அவர்கள் வேலையில் வராமல் போகலாம். தினமும் பார்க்கிறார்களே, தெரிந்திருக்குமே என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாம் முடிந்த பிறகு எப்படி இருக்கும்? முன்பு சொன்ன அந்த இரண்டு வாரம் கடந்ததும் உரிந்த இடத்தில் ஓரங்களிலிருந்தும் நடுவில் புள்ளிபுள்ளியாகவும் புதுத் தோல் எழும்பும். பெரும்பாலோருக்கு நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். புதுத் தோல் முதலில் வெளுத்து, இளஞ்சிவப்பாக, பக்கத்துக் கருமைக்கு நடுவே திட்டாகத் தெரியும். அதைத் தழும்பு என்று நினைத்துவிடாதீர்கள், நிறம் மெல்ல மெல்ல ஒன்றாகிவிடும். மொத்தக் கருமை மங்கப் பல மாதம் ஆகும். காம்பைச் சுற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே தங்கலாம். அக்குளில் கதிர் பட்டிருந்தால் அந்தப் பக்கம் முடியும் வியர்வையும் குறைவாகவே இருக்கும். மார்பகம் சில மாதம் கனத்தும் லேசாக வீங்கியும் இருக்கலாம். கிரீமை நிறுத்திவிடாதீர்கள். வெயில் படும் இடமாக இருந்தால் குறைந்தது ஒரு வருஷம் துணியால் மூடுங்கள், மூட முடியாத இடத்துக்கு எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

ஒருவேளை பின்னால் மறுபடி கீமோ மருந்து எதுவும் எடுக்க நேர்ந்தால், ஆறிப்போன அதே இடம் திடீரென்று மறுபடி சிவந்து எரியக்கூடும். டோசிடாக்செல், ஜெம்சிடபின் போன்ற சில மருந்துகளுக்கு அந்தக் குணம் உண்டு. அபூர்வம்தான். வந்தால் மருந்து கொடுக்கும் டாக்டரிடம், "இங்கேதான் எனக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள்" என்று காட்டுங்கள், அவருக்குப் புரிந்துவிடும்.

இதைப் படிப்பவர்களில் இனிமேல்தான் சிகிச்சையைத் தொடங்கப்போகிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்கு இரண்டு விஷயம். முன்பெல்லாம் 25 சிட்டிங்கில் 50 கிரே (கதிரை அளக்கும் அலகு) என்பதுதான் வழக்கம். இப்போது பலருக்கு 15 சிட்டிங்கில் 40 கிரே கொடுக்கிறோம். பலனில் குறைவில்லை, தோல் பாதிப்பும் குறைவு. நாள் குறைந்தால் மருந்து குறைந்துவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம். இரண்டாவது, முதல் நாளிலிருந்தே மார்பகத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சிலிக்கான் படலம் ஒன்று இருக்கிறது. கனடாவில் செய்து 2023இல் வெளியான சோதனையில், அதை ஒட்டியவர்களில் நடுத்தரம் அல்லது கடுமையான தோல் பாதிப்பு 15.5 சதவீதம் பேருக்கும், ஒட்டாதவர்களில் 45.6 சதவீதம் பேருக்கும் வந்தது. எல்லா இடத்திலும் கிடைக்காது, ஒட்டத் தெரிந்தவர் ஒட்ட வேண்டும். ஆனாலும் தொடங்குவதற்கு முன்பே கேட்டுப்பாருங்கள். தோல் உரிந்த பிறகு கேட்டால் பாதிப் பயன்தான்.

கடைசியாக உங்கள் பேரன். சகோதரி, உங்களுக்குக் கொடுப்பது வெளியே இருந்து மெஷின் வழியாக வரும் கதிர். மெஷின் அணைந்த நொடியிலேயே அது முடிந்துவிட்டது. உங்கள் உடம்பிலோ துணியிலோ மூச்சிலோ எதுவும் தங்குவதில்லை. அவனைத் தள்ளி வைத்த நாட்களில் அவனுக்கு எந்த ஆபத்தும் இருக்கவில்லை, பக்கத்தில் படுக்கவைத்திருந்தாலும் இருந்திருக்காது. இன்று ராத்திரியே கூப்பிட்டுப் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கமாக. தூக்கத்தில் காலைத் தூக்கிப் போடும் வயசு, வலது பக்கத்தில் ஒரு தலையணையைத் தடுப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.